மூன்று பிக்கப், ஒரே மலை இறக்கம்: கேத்தி பாலாடாவில் பழைய டீசல் வண்டி வாங்கியபோது

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்கள் இருக்கும் ரோட்டில் விடியற்காலையில் போய் நின்றால், இருபது இருபத்தைந்து வருஷத்து டீசல் இன்ஜின்களை ஒரே வரிசையில் பார்த்துவிடலாம். டாடா 407, பொலேரோ பிக்கப், தோஸ்த், ஏஸ் எல்லாம் சேற்று டயரோடு நிற்கும். ஒன்று ஸ்டார்ட் ஆனால் பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். இன்னொன்று ஸ்டார்ட் ஆனதே தெரியாது. இந்த வரிசையில் சேர என் மனைவியின் தம்பி 2024 ஜனவரியில் ஒரு வண்டி தேடினான். கையில் 5 லட்சம். வாங்கிய பிறகு வரும் வேலைக்கும் அதற்குள்ளேயேதான் பார்த்தாக வேண்டும்.

நான் பதினோரு வருஷம் பிக்கப் ஓட்டியவன். இப்போது ஓட்டுவதில்லை, முதுகு விடவில்லை. அதனால் வீட்டில் யார் வண்டி வாங்கினாலும் கூப்பிடுவார்கள். இந்த முறை எனக்கு முன்பே இரண்டு கட்சி பிரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு, அதாவது அந்தத் தம்பிக்கு, கம்பெனி வாசனை போகாத பிஎஸ்-6 வண்டிமேல் கண். (பிஎஸ் என்பது புகைக் கட்டுப்பாட்டு விதி, எண் ஏற ஏறக் கடுமை.) மாமனாருக்கு, கம்ப்யூட்டர் இல்லாமல் மெக்கானிக்கல் பம்ப்பே இன்ஜினுக்கு டீசல் கொடுக்கும் பழைய வண்டிதான் வண்டி. "கம்ப்யூட்டர் வெச்ச வண்டி பர்லியாறுல நின்னா யாருங்க வந்து பாப்பாங்க?" என்று என்னிடமே கேட்டார். பர்லியாறு, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் மலை ரோட்டில் இருக்கும் ஊர். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஆய்வில் பாதி நாள் போனது.

வண்டி பார்ப்பதற்கு முன்னால்

ஒரு வாரம் எந்த வண்டியையும் பார்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். வாடகை வண்டியில் அவன் அனுப்பும் லோடு எங்கே போகிறது, எத்தனை கிலோமீட்டர், எந்த கியர் என்று தேதி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதல் இரண்டு நாள் முனகினான். மூன்றாம் நாளிலிருந்து அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது.

ஏழு தாளையும் விரித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான். தோட்டத்திலிருந்து மிஷினுக்கு 4 கிலோமீட்டர். மண் ரோடு, மூன்றாவது கியருக்கு மேல் போகாது, நாளைக்கு இரண்டு மூன்று நடை. வாரத்தில் மூன்று நாள் மேட்டுப்பாளையம் மண்டி, போக வர 90 சொச்சம். எல்லாம் கூட்டினால் மாதம் 1,700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. முக்கியமான விஷயம், லோடு எப்போதும் கீழேதான் இறங்குகிறது. மேலே ஏறும்போது வண்டி காலி. என்றைக்காவது நாலு மூட்டை உரமோ கோழி எருவோ இருக்கும், அவ்வளவுதான்.

மலைக்கு வண்டி வாங்கும் யாரும் முதலில் கேட்பது "இழுக்குமா?" என்றுதான். நீலகிரிக் காய்கறிக்காரனுக்கு அது இரண்டாவது கேள்வி. பிடித்து இறக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன். லோடோடு 3 டன் இருக்கும் வண்டி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் இறங்குகிறது. அதில் வெளியாகும் சக்தி சுமார் 50 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறக்குறைய 36 மெகாஜூல். அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் டீசலைக் கொளுத்தினால் வரும் சூட்டை வண்டி எங்கேயாவது கொட்டியாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்காவிட்டால் பிரேக் டிரம்தான் வாங்கும். குன்னூரைத் தாண்டி நாலு கொண்டை ஊசி இறங்கியதும் லைனிங் கருகும் வாடை வருகிறதே, அது இந்தச் சூடுதான்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டிபோலக் காற்றை அடைக்கும் கதவு கிடையாது. (சில புது மாடல்களில் வேறு காரணத்துக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்.) அதனால் கால் எடுத்ததும் பிடிக்கும் பிடி கொஞ்சம் குறைவு. இன்ஜின் எத்தனை பெரியது, எந்த கியர், பின் ஆக்ஸில் ரேஷியோ என்ன என்பதைப் பொறுத்துத்தான் பிடி. ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டரும் மூன்று லிட்டர் நாலு சிலிண்டரும் இரண்டாவது கியரில் ஒரே மாதிரி பிடிக்காது. குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது குன்னூர் இறக்கத்தில்தான் தெரியவரும்.

முதல் வண்டி: இத்தலாரில், உறைபனியில்

கம்பெனி பெயர் எதற்கும் சொல்லப்போவதில்லை. பழைய கம்பெனிகளில் பிஎஸ்-2, பிஎஸ்-4, பிஎஸ்-6 என்று மூன்று தலைமுறையும் உண்டு.

இது 2007 மாடல், பிஎஸ்-2. கிட்டத்தட்ட மூன்று லிட்டர், நாலு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது, மெக்கானிக்கல் பம்ப். விலை 1,90,000 சொன்னார்கள். முந்தின ராத்திரியே ஓனருக்கு போன் செய்து, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா" என்று சொல்லி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்குப் போனபோது புல்லில் உப்புத் தூவியது போல உறைபனி. பானெட்டைத் தூக்கி முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தேன். ஐஸ் போல இருந்தது. ஓனர் வாக்குக் காப்பாற்றியிருக்கிறார்.

இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. வெள்ளைப் புகை இரண்டு நிமிஷம் வந்து நின்றது. அது எரியாத டீசல், குளிருக்கு வருவதுதான், சூடானதும் போய்விட வேண்டும். நீலம் கலந்து நிற்காமல் வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே ஓட்டைமேல் வைத்தேன். ரிங்கும் லைனரும் தேய்ந்த இன்ஜினில் சிலிண்டரிலிருந்து கீழே கசியும் அழுத்தம் (பேக் கம்ப்ரஷன்) அடித்து மூடி துள்ளி விழும். இது கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான், விழவில்லை. பதினாறு வயது இன்ஜினுக்கு இது பெரிய சான்றிதழ்.

ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் கரும்புகை தள்ளியது. கடல்மட்டத்தில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் இந்த உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்தக் குறைச்சலை ஈடுகட்ட வழியில்லை. பம்ப்புக்கோ தான் மலையில் இருப்பதே தெரியாது, கீழே கொடுத்த அளவு டீசலையே கொடுக்கும். காற்று குறைவு, டீசல் அதே அளவு, மீதி புகை. இங்கே பம்ப் மிஸ்திரிகள் செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்து வைப்பது இதற்காகத்தான்.

ஆனால் இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டேன் பாருங்கள், யானை உட்கார்ந்தது போலப் பிடித்தது. மூன்று வண்டியிலும் இறக்கத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. மாமனார் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு குறை கண்ணில் பட்டது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கும், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது அதுதான். அதில் ஆயில் கசிந்திருந்தது. அடுத்தடுத்து மூன்று முறை மிதித்ததும் பெடல் கட்டையானது. சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் தெரியாமல் பர்லியாறு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டியை வேண்டாம் என்று வைத்ததற்கு இன்ஜின் காரணமில்லை, ஆர்சி புக்தான் காரணம். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி (தகுதிச் சான்று), அதற்குமேல் வருஷா வருஷம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணத்தையும் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். எஃப்சிக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் பெயிண்ட், வெல்டிங், லைட் என்று வாரம் பத்து நாள் போகும். கேரட் அறுவடை அந்தப் பத்து நாளும் காத்திருக்காது. "பத்து வருஷம் ஆன டீசல் வண்டியையே தடை பண்ணிடுவாங்களாமே?" என்று மாப்பிள்ளை வேறு கேட்டான். அது டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு, நம் ஊருக்கு இல்லை. ஆனால் அந்தப் பயத்தினாலேயே இந்த வயசு வண்டியைத் திரும்ப விற்கப் போனால் கேட்க ஆள் வருவதில்லை.

இரண்டாவது வண்டி: ஊட்டியில், ஏறிப்போன ஆயில்

2021 மாடல், பிஎஸ்-6, ஒன்றரை லிட்டர். மீட்டரில் 38,000. பெயிண்ட் பளபளப்பு. கேட்ட விலை 6,30,000. நாங்கள் திரும்பப் பார்த்ததும் புரோக்கரே 5,60,000-க்கு இறங்கினார். மூன்று வயசு வண்டி இத்தனை சீக்கிரம் இறங்கினால் ஏதோ இருக்கிறது.

ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தேன். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் நின்றது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். "ஃபுல்லா வெச்சிருக்காங்க மாமா." விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். டீசல் வாடை.

காரணம் இது. பிஎஸ்-6 வண்டியின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்கச் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கூடுதல் டீசலைத் தெளிக்கிறார்கள். நல்ல ரோட்டில் ஒரே வேகத்தில் இருபது நிமிஷம் ஓடினால் எரிந்து முடிந்துவிடும். இந்த வண்டியோ ஊட்டி டவுனுக்குள் தண்ணீர் கேன் போட்டது. நிறுத்து, எடு, நிறுத்து, எடு. எரிப்பு தொடங்கும், சாவியைத் திருகி அணைப்பார்கள், பாதியில் நிற்கும். தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் சேரும். பழைய வண்டிக்காரன் ஆயில் குறைகிறதே என்று பயப்படுவான், இந்த வண்டிக்காரன் ஏறுகிறதே என்று பயப்பட வேண்டும். டீசல் கலந்த ஆயில் மெலிந்துபோய் பேரிங்கைத் தின்னும்.

இது இன்ஜினின் கோளாறு இல்லை, அதற்குக் கொடுத்த வேலையின் கோளாறு. இதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாப்பிள்ளையின் காலண்டர் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தினமும் 4 கிலோமீட்டர் சேற்று நடை. மேட்டுப்பாளையம் போகும்போது முழுக்க இறக்கம். இறக்கத்தில் கால் எடுத்தால் இன்ஜினுக்கு டீசலே போகாது, சைலன்சர் ஆறிப்போகும், எரிப்பு நடக்க வாய்ப்பே இல்லை. ஏறும்போது மட்டும் கொஞ்சம் சூடு கிடைக்கும், அதுவும் காலி வண்டி. தண்ணீர் கேன் வண்டிக்கு வந்த அதே வியாதி இங்கேயும் வரும்.

ஒரு விஷயத்தில் இந்த வண்டி சுத்தம். புகைக்குழாயின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்தேன், கரி ஒட்டவில்லை. பிஎஸ்-6 வண்டியில் அங்கே மை போலக் கரி இருந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படி வெட்டித்தரும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வேலை செய்த வண்டி எத்தனை மலிவாக வந்தாலும் தொடாதீர்கள், எஃப்சியிலும் மாட்டும், ஊர்க்காற்றுக்கும் கேடு.

இன்னொன்று, சில பிஎஸ்-6 வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவம் ஊற்ற. நம் குளிரில் அது உறைந்துவிடும் என்று ஒரு பேச்சு. அது உறைய மைனஸ் 11 டிகிரி வேண்டும். அவலாஞ்சியில் எத்தனை உறைபனி விழுந்தாலும் அத்தனை தூரம் போகாது.

மூன்றாவது வண்டி: குன்னூரில், டீக்கடை வாசலில்

2018 மாடல், பிஎஸ்-4. இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ, காமன் ரெயில் (நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும், அதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்). 1,12,000 ஓடியிருந்தது. விலை 4,60,000. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்து 2020 மார்ச்சோடு முடிந்த இந்த பிஎஸ்-4 தலைமுறையில் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் டிபிஎஃப் கிடையாது. புகையைத் திருப்பி விடும் ஈஜிஆர் வால்வும் புகையைச் சுத்தம் செய்யும் ஒரு கேட்டலிஸ்டும் இருக்கும், அவ்வளவே. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் மலைக்கு வந்ததும் டீசலைத் தானே குறைத்துக்கொள்ளும். இறக்கத்தில் பிடிப்பு முதல் வண்டி அளவுக்கு இல்லை, இரண்டாவது வண்டியை விட நன்றாகவே இருந்தது.

காலையில் குளிர் ஸ்டார்ட் ஒரே தட்டில் பிடித்தது. முன்பெல்லாம் நான் அதோடு திருப்தி அடைந்துவிடுவேன். காமன் ரெயில் வண்டிக்கு அது போதாது என்று காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாறு வரை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி, குன்னூரில் டீக்கடை வாசலில் அணைத்தோம். பத்து நிமிஷம், ஆளுக்கு ஒரு டீ, ஒரு வர்க்கி. திரும்பச் சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து விநாடி கழித்துத்தான் பிடித்தது.

தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய டியூப் செருகி, நாலு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். பாட்டில்களை ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். சில நிமிஷத்தில் மூன்று பாட்டிலில் விரல்கடை அளவு டீசல். மூன்றாவது சிலிண்டர் பாட்டிலில் அதற்கு இரண்டு மடங்கு. உள்ளே வால்வு தேய்ந்து டீசல் திரும்பி ஓடுகிறது. சூடாகி டீசல் இளகினால் இன்னும் வேகமாக ஓடும், ரெயிலில் அழுத்தம் ஏற நேரமாகும், அதனால்தான் சூட்டில் ஸ்டார்ட் தாமதம். ஐந்து ரூபாய் பாட்டில் நாலும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை விடத் தெளிவாகப் பேசின.

இதைக் காட்டிப் பேசி 4,20,000-க்கு முடித்தோம். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கோவைக்குக் கொண்டுபோய் பெஞ்சில் ஏற்றிப் பார்த்ததில் ஒன்றை மாற்றி, இரண்டுக்கு உள்வேலை செய்ய வேண்டியிருந்தது. 27,000 ஆனது.

மாமனாரின் கேள்விக்குப் பதில்

பழைய பம்ப் வண்டி வழியில் நின்றால் ஒரு ஸ்பேனர், பம்ப்பில் ஏர் எடுத்தல், கிளம்பிவிடலாம். காமன் ரெயிலில் அந்த வசதி இல்லை. அது 1,600 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்கிறது. அத்தனை அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரோ கண்ணுக்குத் தெரியாத மண்ணோ போனால் போதும். அந்த பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய் என்பதால் மண்ணெண்ணெய் கலந்ததும் ஆகாது. பழைய பம்ப் இதையெல்லாம் முனகிக்கொண்டே தாங்கும்.

எனவே மாப்பிள்ளைக்கு இரண்டு கட்டளை. தோட்டத்தில் மோட்டாருக்கும் டில்லருக்கும் கேனில் வைத்திருக்கும் டீசல் வண்டிக்குள் போகவே கூடாது. டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து வாரா வாரம் தண்ணீர் பார்க்க வேண்டும், ஒரு புது ஃபில்டர் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். மாமனார் இதைக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் வண்டிக்குப் பத்தியச் சாப்பாடு" என்றார்.

பதினாலு மாதம் கழித்து

இன்ஜினுக்குள் கைவைக்கவில்லை. லோடோடும் காலியாகவும் கலந்து லிட்டருக்கு பதினொன்றரை தருகிறது. பழைய வண்டி ஒன்பது தந்தால் பெரிது. மாதம் 1,700 கிலோமீட்டருக்கு நாற்பது லிட்டருக்கு மேல் மிச்சம். கிளட்ச் செட் ஒன்று போனது, பிரேக் லைனிங் இரண்டு முறை. மலை வண்டிக்கு இது சம்பளம் மாதிரி, கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு முறை மழையில் பர்லியாறுக்கு மேலே ஏறும்போது கரும்புகை தள்ளி, இழுவை அப்படியே செத்துவிட்டது. போனில் அழாத குறை. பானெட்டைத் திறந்து டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் ஹோஸைப் பார் என்றேன். கிளிப் தளர்ந்து கழன்றிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பத்து நிமிஷ வேலை. மாமனாரிடம் இதைச் சொல்ல மாப்பிள்ளை மறக்கவில்லை.

நான் கோட்டைவிட்டதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் லைட் எரிந்தது. கழற்றிப் பார்த்தால், பழைய ஓனர் ஈஜிஆர் பாதையில் ஒரு தகரத்தை வெட்டி வைத்து அடைத்திருக்கிறார். கேஸ்கெட் போலவே இருந்ததால் வாங்கும்போது என் கண்ணில் படவில்லை. தகரத்தை எடுத்து, வால்வில் தார் போல அடைந்திருந்த கரியைச் சுரண்டி, சுத்தம் செய்து மாட்ட ஒரு நாள் போனது. ஸ்கேனரில் பழைய கோளாறுகளை அழித்துவிட்டு வண்டி காட்டுகிறார்கள் என்பதை எப்போதோ தெரிந்துகொண்டவன், அன்றைக்கு பாட்டில் டெஸ்ட் செய்த பெருமையில் இதை மறந்துவிட்டேன்.

அந்த ஊட்டி பிஎஸ்-6 வண்டியைக் கடைசியில் குன்னூர்க்காரர் ஒருவர் வாங்கினார். தினமும் கோவைக்கு பேக்கரிச் சரக்கு கொண்டுபோகிறவர். வாங்கியதும் ஸ்கேனர் போட்டு வடிகட்டியை எரிக்க வைத்து, அந்த வண்டிக்கென்று சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டரில் அதையும் மாற்றியிருக்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி கோவை வரை சமதளம், நாளைக்கு இரண்டு நடை. வடிகட்டி அடைத்ததைக் காட்டும் லைட் பிறகு எரியவே இல்லையாம்.

போன மாதம் பர்லியாறு டீக்கடையில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழம் விற்கும் அம்மா இரண்டு ஓனரிடமும் ஒரே விலை சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை குன்னூர்க்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் வண்டியின் பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவி, சட்டைக் கையிலேயே துடைத்து, விட்டு எடுத்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. முகர்ந்தும் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பவே எடுத்திருக்கலாமோ மாமா?"

"நீ கோயமுத்தூருக்கு பன்னு கொண்டுபோறியா?" என்றேன். அந்தக் குன்னூர்க்காரர்தான் முதலில் சிரித்தார்.